அழித்த படங்கள்

ஊரில் பாதிப் பேருடைய முகம் அவருக்கு மனப்பாடம். மீதிப் பாதி இன்னும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அர்த்தம். முப்பத்தோரு வருஷமாக ஒரே போட்டோ கடை. வெள்ளைத் திரை ஒன்று, முதுகில்லாத சுழல் நாற்காலி ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அதே நாலு வார்த்தைதான்: "காது தெரியணும், பல்லு தெரியக்கூடாது, கண்ணாடியைக் கழட்டுங்க, அசையாதீங்க." மூன்று மாதக் குழந்தைக்கும் இதே சட்டம்தான். கழுத்தே நிற்காத பிள்ளையை எப்படி நேராக உட்கார வைப்பது? தாயை வெள்ளைத் துணிக்குள் மறைத்து நிற்க வைத்து, அவள் கையில் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி எடுப்பார். படத்தில் பிள்ளை மட்டும் தனியாக, யாரோ தப்பு செய்தவன் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கும்.

முகம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு "இதையே பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்று வருகிறவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். "நடுவுல உடம்பு சரியில்லாம போச்சா? கன்னம் இறங்கியிருக்கு. இது செல்லாது, புதுசா எடுக்கணும்" என்பார். வந்தவருக்குத் தூக்கிவாரிப் போடும். வீட்டில் இருப்பவர்களே கவனிக்காததைக் கடைக்காரர் சொல்கிறாரே என்று சிலர் நேராக டாக்டரிடம் போயிருக்கிறார்கள். ஒருத்தர் திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். இப்போது அந்தக் கதையை அவர் சொல்வதில்லை.

ஆறு நாள் முகம் பார்த்தால் ஏழாம் நாள் என்ன ஆகும்? அலுத்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போய்விடுவார். வருஷத்தில் நாலு மாதம் அங்கே பனி இறங்கும். கரை எது, தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. அந்த நாலு மாதம்தான் அவருடைய வருஷம். அந்தப் பனியில் ஒரு மரம், அல்லது தண்ணீரில் ஊன்றிய ஒரு கம்பு, அல்லது கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. அவ்வளவுதான் படம். மற்றதெல்லாம் வெள்ளை.

"என்னத்தைச் சேர்க்கலாம்னு எல்லாரும் யோசிக்கறாங்க. நான் என்னத்தை எடுத்துடலாம்னு யோசிப்பேன். இனிமே ஒண்ணை எடுத்தா படமே இல்லைன்னு ஆகற வரைக்கும் எடுத்துட்டே போவேன்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள், "உங்க வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எதைப் படம் எடுக்கப் போறார்?" என்று கேட்டதற்கு, "எங்கெங்க காலியா இருக்கோ அதையெல்லாம் எடுக்கறார்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் அவருக்குக் காலிப்படக்காரர் என்று பெயர். நூலகக் கூடத்தில் ஒரு தடவை அவருடைய மூன்று படங்களை மாட்டினார்கள். வந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "மை தீர்ந்துபோச்சா?" என்று அக்கறையோடு விசாரித்தார். மனைவி முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் நின்று அவள் சிரித்த சிரிப்பு உள்ளே கூடம் வரை கேட்டது. அவருக்கு அன்றைக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது, கோபத்தில்.

படம் எடுப்பதில் மனிதர் மகா கஞ்சர். ஒரு தடவை போனால் நாலோ ஐந்தோ, அதற்கு மேல் பொத்தானை அழுத்த மாட்டார். அதிலும் வீட்டுக்கு வந்து மத்தியானத்துக்குள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார். "ஒண்ணு போதும். ரெண்டு வெச்சா ரெண்டும் பாதி பாதிதான்." ஒரு ஞாயிறு, ஒரு படம். இந்தச் சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

பனியில் ஒரு சங்கடம் உண்டு. கேமராவுக்குப் பிடிப்பு வேண்டும். ஏதாவது ஒரு விளிம்பு, ஒரு கோடு தெரிந்தால்தான் ஃபோகஸ் நிற்கும். வெள்ளையில் வெள்ளையைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுச் சோர்ந்துபோகும். மரத்தின் பட்டைகூடப் பனியில் வழுக்கிவிடும். இங்கேதான் மனைவி வருகிறாள்.

அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கும் விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். முதலில் துணைக்கு வந்தாள். வாயாடி, அவ்வளவு தூரம் அவரைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் யாரோடு பேசுவது? போகப் போக அவள் ஒரு கருவியாகிவிட்டாள். அவளிடம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சால்வை ஒன்று இருந்தது. கடையில் மிஞ்சிய துணியில் அவளே ஓரம் அடித்தது. ஃபோகஸ் பண்ண அதைவிடத் தோதான பொருள் உலகத்திலேயே இல்லை என்று அவர் கண்டுபிடித்தார்.

"போய் மரத்துக்குப் பக்கத்துல நில்லு."

அவள் ஈரப் புல்லில் அறுபது, எழுபது அடி நடந்து போய் மரத்தை ஒட்டி அவரைப் பார்த்து நிற்பாள். அவர் திரையில் சால்வையின் கட்டத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கோடு கத்தி மாதிரி கூர்மையாகும்வரை வளையத்தைத் திருப்புவார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு படம் எடுப்பார். பிறகு, "போதும், ஒதுங்கிக்கோ" என்பார். அவள் ஒதுங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு அரை மணியோ ஒரு மணியோ பனி தோதாக வரும்வரை காத்திருந்து, அந்த வெறும் மரத்தை எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் முதலில் அழிப்பது அவள் நின்ற படத்தைத்தான். அதைப் படம் என்றே அவர் கணக்கில் வைத்ததில்லை.

"உங்க படத்துல எல்லாம் நான் நின்ன இடம்தான் தெளிவா இருக்கு. நான்தான் இல்ல" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். வயிற்றில் வந்த நோய். டாக்டரிடம் போன நாளிலிருந்து பதினோரு வாரம். "ஒரு நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும், அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்து கடைசி ஆறு வாரமும் கூட இருந்தாள். எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்று, பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அப்பா, நீங்க கூடவே இருந்தீங்களே. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. திடீர்னு தானே வந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். மகள் அவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்தாள். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் வாரத்துக்கு ஒரு போன். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா. பேச்சு அதைத் தாண்டாது. மனைவி இருந்தபோது போனை அவளிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கும். இப்போது இரண்டு நிமிஷத்தில் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். ஆனாலும் அந்த இரண்டு நிமிஷத்தை நம்பித்தான் அவருக்கு வாரம் ஓடியது. உண்மையைச் சொன்னால், உலகத்தில் அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு நாள் மகள் வழக்கத்துக்கு மாறாகக் காலையில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா முகம் நழுவுதுப்பா. குரல் அப்படியே இருக்கு. முகத்தை நினைச்சா பிடிபட மாட்டேங்குது. ஒரு நல்ல படமா அனுப்புங்க."

"அனுப்பறேம்மா" என்று உடனே சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வீட்டில் படம் இல்லை. கல்யாணப் படம் இருந்தது. அதில் இருப்பது பவுடர் அப்பிய இருபத்திரண்டு வயதுப் பெண், மகளுக்கு அவளை யாரென்றே தெரியாது. மகள் எடுத்த இரண்டு மூன்று படங்களில் "என்னை எதுக்குடி எடுக்கறே" என்று கை முன்னால் வந்து நின்றது. அவர் எடுத்ததாக ஒன்றே ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படம். காது தெரிந்தது, பல்லு தெரியவில்லை. அதையே அனுப்பினார்.

மகள் திரும்பக் கூப்பிட்டாள். "இது அம்மா இல்லப்பா. அம்மாவோட விண்ணப்பம். அவங்க எப்பவாவது வாயை மூடிட்டு இருந்து நீங்க பார்த்திருக்கீங்களா?" குரல் உடைந்தது. "முப்பது வருஷமா கேமரா பிடிக்கற கைப்பா உங்களுது. கண்ட மரத்தை எல்லாம் எடுத்தீங்களே."

"வேற தேடிப் பார்க்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது: எடுத்திருக்கிறார். ஒவ்வொரு பனிக்காலத்திலும், ஒவ்வொரு ஞாயிறும், நேருக்கு நேர் நிற்க வைத்து, விளக்குப் போட்டாலும் கிடைக்காத வெளிச்சத்தில் அவளை எடுத்திருக்கிறார். அன்றன்றைக்கே தன் கையால் அழித்திருக்கிறார்.

சந்தைக் கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஓர் அம்மா இருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். மேஜை பூராவும் வயிறு திறந்து கிடக்கும் இயந்திரங்கள். அழித்ததை மீட்டுத் தருவாள் என்று கேள்வி. கேமராவிலிருந்து கழற்றிய மெமரி கார்டை அவள் முன்னால் வைத்தார்.

"மொத்தமா துடைச்சீங்களா, ஒவ்வொண்ணா அழிச்சீங்களா?"

"ஒவ்வொண்ணா."

"ஒரு தடவைக்கு எத்தனை எடுப்பீங்க?"

"நாலு. மிஞ்சினா அஞ்சு."

அவள் கார்டைத் திருப்பி அதன் கொள்ளளவைப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவு பெரிய கார்டை வாங்கி வெச்சிட்டு நாலு படமா? சார், அழிக்கறதுன்னா படம் போயிடறது இல்ல. பேரேட்டுல பேரை மட்டும் அடிக்கறோம். ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார், அந்த இடத்துக்கு இன்னொருத்தர் வந்து உட்கார்ற வரைக்கும். உங்ககிட்ட வந்து உட்கார ஆளே இல்ல. எந்த வருஷத்துல வாங்கினது?"

"ரெண்டு பனிக்காலம் ஆச்சு."

"அப்ப அவ்வளவுக்கும் முயற்சி பண்றேன். யாரோட படம்?"

"வீட்டுக்காரி."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். மூன்று நாள் கழித்து வரச் சொன்னாள்.

மூன்றாம் நாள் போனபோது அவள் அவரை நேராகப் பார்க்கவில்லை. சின்னப் பென் டிரைவ் ஒன்றை ஒரு கவரில் போட்டு, அந்தக் கவரை வேண்டாத அளவுக்கு மடித்து மடித்துக் கையில் கொடுத்தாள். "நாப்பத்தி மூணு வந்திருக்கு சார். தேதி வரிசையில போட்டிருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "அவங்க ரொம்ப நாளா உடம்பு முடியாம இருந்தாங்களா?"

"இல்லையே. கடைசி மூணு மாசம்தான்."

"அப்படியா" என்றாள். "உட்கார்ந்து நிதானமா பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்கு வந்து கதவைப் பாதி சாத்திவிட்டு, தினமும் ஊர் முகங்களைச் சரிபண்ணும் அதே கம்ப்யூட்டரில் போட்டார். முதல் படம் திறந்தது. பனி. மரம். மரத்துக்குப் பக்கத்தில் சால்வை போர்த்திய ஒரு பெண். பெரிதாக்கினார். குளிரில் சிவந்த மூக்கோடு அவள் வாயைத் திறந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் எடுங்க, காலு விறைக்குது" என்றிருப்பாள். வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள்? அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டில் எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவதில் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். நாலாவதில் அவருக்குத் தெரியாது என்று நினைத்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் தலையைச் சாய்த்து, கண்ணில் குறும்போடு, வாய்விட்டு முழுச் சிரிப்பு. ஐந்தாவதுதான் மகளுக்கு என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கிடைத்த சந்தோஷத்தில் யார் நிறுத்துவார்கள்?

பதினேழாவது படத்தில் அவர் கை நின்றது. என்னவோ சரியில்லை. ஐந்தாவதையும் பதினேழாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடையில் பழைய போட்டோவையும் புது முகத்தையும் ஒத்துப் பார்க்கிற பழக்கம், கை தானாகச் செய்தது. கண்ணும் தானாகவே பார்த்தது. கன்னம் இறங்கியிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. முன்பு ஒரு சுற்று வந்த சால்வை இப்போது ஒன்றேகால் சுற்று வந்தது. கடைக்குள் நுழைகிற ஒரு வேற்று மனுஷியாக இருந்திருந்தால், "நடுவுல உடம்பு சரியில்லாம போச்சா?" என்று கேட்டிருப்பார். தேதியைப் பார்த்தார். டாக்டரிடம் போனதற்குப் பதின்மூன்று மாதம் முன்பு.

அதற்கப்புறம் அவர் வேகமாகப் போகவில்லை. ஒவ்வொன்றாகப் போனார். இருபத்திரண்டில் அடுத்த பனிக்காலம் தொடங்கியது. முகம் இன்னும் சின்னதாகியிருந்தது. இருபத்து நாலில் சால்வைக்கு அடியில் ஒரு கை வயிற்றோரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இருபத்தாறில் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "சாயாதே, நேரா நில்லு. கட்டம் கோணலாத் தெரியுது" என்று கத்தினார். இருபத்தேழாவது படம், கேமராவின் கடிகாரப்படி நாற்பது செகண்டுக்குப் பிறகு எடுத்தது. அதில் அவள் நேராக நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தைந்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டில் சிரிக்க முயற்சி பண்ணியிருந்தாள். நாற்பத்து மூன்றாவதற்கும் டாக்டருக்கும் இடையில் ஒன்பது நாள்தான். அன்றைக்கு அவர் வைத்துக்கொண்ட ஒற்றைப் படம் கடைச் சுவரில் பெரிதாகத் தொங்கியது. பனி, ஒரு மரம், வேறொன்றும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் மனசை என்னவோ பண்ணுகிறது என்றார்கள். அவர் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று அவரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெறும் கண்ணால் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அவரோ பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவர். முகத்துக்கு ஒரு சாண் கீழே, துணியை.

சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. "கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுதும்மா. அனுப்பறேன்."

"நிஜமாவா?" அவள் குரலில் எட்டு மாதமாகக் காணாத ஒரு துள்ளல். "அம்மா சிரிக்கறாங்களா?"

"சிரிக்கறா."

போனை வைத்துவிட்டு அவர் இரண்டு நாள் ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டியது எது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. ஐந்தாவதை அனுப்பினால் விஷயம் முடிந்தது. மகள் கேட்டதும் அதைத்தானே? ஒரு நல்ல படம். அதைப் பார்த்து அழுவாள், அப்பாவுக்கு நன்றி சொல்வாள், வாராவாரம் போன் பண்ணுவாள். மற்ற நாற்பத்திரண்டையும் ஒரு பொத்தானில் துடைத்துவிடலாம். இந்த வேலையில் அவருக்கு அனுபவத்துக்குக் குறைச்சல் இல்லை. எல்லாவற்றையும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். "ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டவளுக்கு நாற்பத்து மூன்று பதில் போகும். அதற்கப்புறம் அந்த வாரத்து இரண்டு நிமிஷம் வராமல் போனால் என்ன செய்வது? சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அப்படியே மூடி வைத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஐந்தாவதை மட்டும் தேர்ந்தெடுத்து, அனுப்பும் இடம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். விரல் போகவில்லை. திரையில் பக்கவாட்டில் மற்ற நாற்பத்திரண்டும் சின்னச் சின்னச் சதுரமாக வரிசையில் நின்றன. எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். சிரிக்கிறவளை மட்டும் வைத்துக்கொண்டு வலியோடு நின்றவளை இப்போதும் ஒதுங்கிக்கோ என்று சொல்வதா? உயிரோடு இருந்தபோது சொன்னது போதாதா? தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாற்பத்து மூன்றையும் தேதி மாறாமல் அனுப்பினார். கீழே ஒரு வரி எழுதினார்: "எல்லாம் இருக்கு. வரிசையா பாரும்மா."

அன்றைக்குப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் கடைக்கு வந்த ஒருத்தருக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்ல மறந்து, இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. நாலாம் நாள் காலையில் கடைப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது போன் அடித்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"பதினேழாவது படம்."

"ஆமாம்மா."

"அதுலயே தெரியுதுப்பா."

"தெரியுது." பூட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "இப்பத்தான் பார்த்தேன். எடுத்தன்னைக்குப் பார்க்கலை. இருபத்தாறு இருக்கு பாரு, மரத்துல சாஞ்சிருக்கறது. சாயாதேன்னு கத்தினேன்மா. அடுத்ததுல நேரா நிக்கறா பாரு, அது நான் சொன்னதாலதான். நீ அன்னைக்குக் கேட்டப்ப ஒண்ணும் தெரியலைன்னு சொன்னேன். தெரியற இடத்துலதான் இருந்தேன். நான்தான் பார்க்கலை. நீ என்னைத் திட்டணும்னா திட்டிடு. பேசாம மட்டும் இருந்துடாதே."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"அப்பா, எனக்குத் தெரியும்" என்றாள் மகள்.

"என்னம்மா?"

"அந்த இருபத்தாறாவது படம் எடுத்த வாரம்தான் அம்மா எங்கிட்ட போன்ல சொன்னாங்க. ரொம்ப நாளா வயித்துல வலிக்குதுடீன்னு. டாக்டரைப் பாரும்மான்னேன். பனி முடியட்டும், அப்பாவுக்கு வருஷத்துல இந்த நாலு மாசம்தானே, நான் படுத்துட்டா அவருக்கு யாரு போய் நிப்பான்னாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. எனக்கு அன்னைக்கு ஆபீஸ்ல ஆயிரம் வேலை. சரிம்மான்னு வெச்சிட்டேன். சரின்னு சொல்லிட்டேம்பா. அதனாலதான் உங்களைக் கேட்டேன். உங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சுன்னா நான் மட்டும் இல்லைன்னு ஆகும்ல. நீங்க தெரியாதுன்னதும் எனக்கு உங்க முகத்தைப் பார்க்கவே முடியலை."

தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. எதிர்க் கடைக்காரர் கையைத் தூக்கி என்ன விஷயம் என்று சைகையில் கேட்டார். அவர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரை வந்து சட்டையில் சொட்டியது. துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பனி முடியட்டும் என்று அவள் சொன்ன குரல் அவருக்கு அப்படியே கேட்டது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"ஏதாவது சொல்லுங்கப்பா."

அவர் மகளைத் தேற்ற ஒரு வார்த்தை தேடினார், கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றுதான், அதைச் சொன்னார்.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்காம்மா. உங்கிட்ட வாயால ஒரு தடவை சொன்னா. எங்கிட்ட நாப்பத்தி மூணு தடவை எதிர்ல வந்து நின்னா."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.